ஏரி நகரான வரலாறு

2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளத்தை உங்களுள் சிலர் சிறு வயதில் நேரில் கண்டிருப்பீர்கள். ஏனையோர் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்நாளில் நான் மாம்பலம் பகுதியில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். நெடிய விடுமுறைக்குப் பின்னர்ப் பள்ளி திறந்தது. நனைந்து உலர்ந்து பக்கங்கள் புடைத்துப்போன புத்தகங்களோடு மாணவர்கள் வந்திருந்தார்கள். எட்டாம் வகுப்பில் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, கடல் எங்கள் தெருவுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆறும் பக்கத்தில் இல்லை. பிறகு எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான்.

"உன் தெருவின் பெயர் என்ன?" என்று நான் கேட்டேன்.

"லேக் வியூ ரோடு" என்றான்.

"அதைத் தமிழில் சொல், பார்க்கலாம்" என்றேன்.

சற்றே எண்ணிப் பார்த்து, "ஏரியைப் பார்க்கும் சாலை" என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. "ஏரி எங்கே, ஐயா?" என்று கேட்டான்.

பிறந்தது முதல் அந்தத் தெருவிலேயே வாழ்ந்தவன் அவன். தன் முகவரியை நூறு முறை எழுதியிருப்பான். அந்த முகவரிக்குள் ஓர் ஏரி ஒளிந்திருந்தது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. அவனுடைய கேள்விக்கு அன்று வகுப்பில் கூறிய விடையைச் சற்று விரித்து இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன். அது தியாகராய நகர் என்னும் குடியிருப்பின் வரலாறு. ஒரு குடியிருப்பு எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு ஊராகிறது, எதை மறந்தால் இடர்ப்படுகிறது என்னும் மூன்றையும் அதிலிருந்து நாம் அறியலாம்.

முதலில் ஏரியைக் காண்போம். இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில், வடக்குத் தெற்காக நீண்டு கிடந்தது ஒரு பெரு நீர்நிலை. நுங்கம்பாக்கம் ஏரி, மயிலாப்பூர் ஏரி என்னும் இரண்டும் அடுத்தடுத்து அமைந்து ஒன்றுபோலத் தோன்றியமையால், ஆங்கிலேயர் அதனை 'லாங் டாங்க்', அஃதாவது 'நீண்ட ஏரி', என்று அழைத்தனர். அந்நாளைய சென்னை நகருக்கு அதுவே மேற்கு எல்லைபோல விளங்கிற்று. மழை மிகுந்த காலத்தில் அதில் படகுப் பந்தயம் நடந்ததும் உண்டு.

நம் நாட்டு ஏரியின் அமைப்பை நீங்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். கிணற்றைப்போல் அது தோண்டப்படுவது அன்று. குளத்தைப்போல் நான்கு புறமும் கரை உடையதும் அன்று. நிலம் எப்பக்கம் சரிந்திருக்கிறதோ அப்பக்கத்தில் மட்டும் வில்லைப்போல் வளைந்த கரை எழுப்பப்படும். மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். அவ்வழியாக மழைநீர் தானே வந்து சேரும். கரையிலுள்ள மதகைத் திறந்தால் நீர் வயலுக்குப் பாயும். ஏரி நிறைந்து மிகுந்தால் கலங்கல் வழியே வெளியேறும். சென்னையில் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. ஆதலின் நீண்ட ஏரியின் கரை கிழக்கே இருந்தது. மேற்கேயிருந்து நீர் வந்தது. மாம்பலம் முதலிய சிற்றூர்கள் அதனை அடுத்து இருந்தன. மழைக்காலத்தில் ஏரி பரந்து கிடக்கும். கோடையில் சுருங்கிச் சேறாகும். எனவே 'இதுதான் ஏரியின் எல்லை' என்று ஒரு கோடு கிழித்துக் காட்டுவது அரிது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இத்தகைய ஏரியை ஏன் வற்றச் செய்தார்கள்? இன்று நாம் அதைக் கேட்டவுடன், "என்ன அறியாமை!" என்று சொல்லிவிடுகிறோம். வரலாறு படிப்பவர் அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறலாகாது. அவர்கள் நிலையில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள் ஏறத்தாழ 5,27,000 பேர். 1931இல் அத்தொகை ஏறத்தாழ 6,47,000 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் 1,20,000 பேர் பெருகினார்கள். ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் முதலிய பழைய பகுதிகளில் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. காற்றோட்டம் இல்லை, கழிவுநீர் வசதி போதவில்லை, நோய்கள் எளிதில் பரவின. வெளியூர்களிலிருந்து படிக்கவும் பணியாற்றவும் வந்தவர்களுக்கு வீடு கிடைப்பது அரிதாயிற்று. மற்றொரு பக்கம், ஏரிநீரால் விளைந்த வயல்கள் தோட்டங்களாகவும் மாளிகைகளாகவும் மாறிவந்தன. வயல் இல்லாத ஏரியை அக்காலத்தார் வீண் நிலமாகவே கருதினர்.

நகரங்களைத் திட்டமிட்டு அமைக்க வேண்டும் என்னும் எண்ணமும் அக்காலத்தில்தான் நம் நாட்டில் வேரூன்றியது. பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் 1914ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, நகரமைப்பைப் பற்றிய கண்காட்சியைச் சென்னையில் நடத்தினார். அவரோடு தொடர்புடைய லாஞ்செஸ்டர் என்னும் கட்டடக் கலைஞர் சென்னையின் நகரமைப்பை ஆராய்ந்து 1918இல் ஒரு நூல் வெளியிட்டார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதே 1920இல் மாகாணத்தில் இரட்டையாட்சி முறைப்படி முதல் தேர்தல் நடந்தது. நீதிக்கட்சி அமைச்சரவை அமைத்தது. ஊராட்சி, நகராட்சித் துறைகள் இந்திய அமைச்சர்களின் பொறுப்பில் வந்தன. மக்கள் நெருக்கம், புதிய சட்டம், புதிய ஆட்சி ஆகிய மூன்றும் ஒன்றுகூடின. 1923ஆம் ஆண்டையொட்டி மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. ஏரியை வடித்து, பள்ளத்தை மேடாக்கி, நிலத்தை மனைகளாக வகுத்தனர்.

பழைய ஊர்கள் தோன்றும் முறை வேறு. இத்தகைய நகர்கள் தோன்றும் முறை வேறு. மயிலாப்பூரில் முதலில் கோயில், பிறகு மாடவீதி, பிறகு வீடுகள், வீட்டை ஒட்டி வழிகள். ஊர் தானாக வளர்ந்தது. தியாகராய நகரிலோ முதலில் வரைபடம், பிறகு சாலை, பிறகு மனை, அதன் பின்னரே மனிதர். அதன் நடுவே கோயிலோ குளமோ அமையவில்லை. ஒரு பூங்கா அமைந்தது. பனகல் பூங்கா என்பது அதன் பெயர். சக்கரத்தின் குடத்திலிருந்து ஆரங்கள் கிளம்புவதுபோல, அப்பூங்காவைச் சுற்றிலும் உஸ்மான் சாலை, தியாகராயர் சாலை, வெங்கடநாராயணா சாலை, ஜி.என். செட்டி சாலை முதலியன கிளம்புகின்றன. நகரத்தின் நடுவிடத்தைச் சாதி, மதம் பாராமல் எவரும் வந்து அமரக்கூடிய ஒரு பூங்காவுக்கு விட்டுக்கொடுத்தது சிறிய செயல் அன்று.

இனிப் பெயர்களைப் பார்ப்போம். தெருப் பெயர் என்பது இலவசமாகக் கிடைக்கும் வரலாற்று நூல். நகருக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராயர் 1852இல் பிறந்து 1925இல் மறைந்தவர். நெசவுத் தொழிலோடு தொடர்புடைய குடும்பத்தினர். நீதிக்கட்சியின் நிறுவனர்களுள் ஒருவர். 1920இல் முதலமைச்சர் பொறுப்பு அவரை நாடி வந்தபோது அதனை ஏற்காமல் பிறருக்கு விட்டுக்கொடுத்தார். அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோதுதான், 1920இல், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கும் ஏற்பாடு தொடங்கப்பெற்றது. பூங்காவுக்குப் பெயர் தந்த பனகல் அரசர் 1921 முதல் 1926 வரையில் முதலமைச்சராக விளங்கியவர். நடேசன் பூங்கா, வெளியூர்களிலிருந்து படிக்க வந்த மாணவர்களுக்காகத் திருவல்லிக்கேணியில் விடுதி நடத்திய டாக்டர் நடேசனாரை நினைவூட்டுகிறது. டாக்டர் நாயர் சாலை, நீதிக்கட்சியின் மற்றொரு நிறுவனரான டி.எம். நாயரின் பெயர் தாங்கியது. உஸ்மான் சாலைக்குரிய முகமது உஸ்மான் 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பணியாற்றிய இந்தியர். நெசவுக் குடும்பத்தார், ஆந்திர ஜமீன்தார், தமிழ் மருத்துவர், மலையாள மருத்துவர், இசுலாமியப் பெருமகனார் ஆகியோரின் பெயர்கள் சில நூறு அடிகளுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன. தமிழும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் வழங்கிய பழைய சென்னை மாகாணத்தின் ஒரு சிறு படம் அன்றோ அது!

ஒரு பெயருக்கு இரண்டு விளக்கம் வழங்குவதும் உண்டு. தியாகராயர் சாலையிலுள்ள கடைத்தெருவை மக்கள் 'பாண்டி பஜார்' என்பார்கள். தென்னாட்டில் சுயமரியாதை இயக்கத்துக்குத் துணைநின்ற டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரால் அது வழங்குகிறது என்பது ஒரு விளக்கம். புதுச்சேரியிலிருந்து வந்தவர் அங்கே கடை வைத்தமையால் அப்பெயர் வந்தது என்பது மற்றொன்று. பெயர்ப்பலகை முதல் விளக்கத்தையே ஏற்று, 'சௌந்தரபாண்டியனார் அங்காடி' என்கிறது. ஒரே ஊரைப் பற்றி இரண்டு செய்தி கேட்டால் உடனே ஒன்றைத் தள்ளிவிடாமல், இரண்டையும் எழுதிவைத்துச் சான்று தேடுவதுதான் வரலாற்று மாணவனுக்கு அழகு.

ஆனால், தெருப் பெயர் கூறாத செய்தியும் ஒன்று உண்டு. ஏரிக்குள் மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டியவர் பெயரில் அங்கே தெரு இல்லை. ஏரியை நம்பிப் பயிரிட்டவர், அதில் மீன் பிடித்தவர், அதன் கரையில் மாடு மேய்த்தவர் பெயரிலும் தெரு இல்லை. பெயர்ப்பலகை ஆட்சியில் இருந்தவர்களை நினைவில் வைக்கிறது. உழைத்தவர்களை நினைவில் வைக்க வேண்டியவர்கள் நாம்.

மனை வாங்கியவர்கள் தொடக்கத்தில் தயங்கினார்கள். ஊருக்கு வெளியே ஏரிப் பள்ளத்தில் யார் வாழ்வது? அத்தயக்கத்தைப் போக்கியவற்றுள் முதன்மையானது இரயில். 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் நிலையத்தில் ஏறினால் ஜார்ஜ் டவுனிலுள்ள அலுவலகத்துக்கு எளிதில் செல்லலாம். மாலையில் விளக்கு ஏற்றும் நேரத்தில் வீடு திரும்பலாம். புறநகர் என்பதன் பொருளே இதுதான். பணி ஓரிடம், மனை ஓரிடம்; இரண்டையும் இணைக்கும் ஊர்தி ஒன்று. ஊர்தி இல்லையேல் புறநகர் இல்லை.

இவ்வாறு வீடுகள் வந்தன. ஆனால், வீடுகள் கூடினால் மட்டும் ஊர் ஆகிவிடாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பொதுவான இடங்கள் வேண்டும். தியாகராய நகரில் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளும் சாரதா வித்தியாலயமும் பிள்ளைகளை ஒன்றுசேர்த்தன. காந்தியடிகளின் முயற்சியால் 1918இல் தொடங்கிய இந்திப் பிரசார சபை 1936இல் இங்கே இடம் பெயர்ந்தது. 1940களில் வாணி மகாலும், 1950களில் கிருஷ்ண கான சபையும் இசை கேட்போரை ஒரு கூரையின்கீழ் அமர்த்தின. பூங்காக்களில் முதியோர் காலையில் நடந்தனர். மாலையில் சிறுவர் ஆடினர். திரைப்படக் கலைஞர்கள் பலர் இங்கே குடியேறினார்கள். ஆர்க்காடு தெருவிலிருந்த எம்.ஜி.ஆர். இல்லம் இன்று நினைவில்லமாக உள்ளது. நடிகர் சிவாஜி கணேசன் வாழ்ந்த சாலை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இங்கே வாழ்ந்தவருள் ஒருவரைத் தனியே சொல்ல வேண்டும். திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வாடகை வீட்டில் வாழ்ந்து, 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அங்கேயே காலமானார் பெருந்தலைவர் காமராசர். அவ்வீடும் இன்று நினைவில்லமே. மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிட்ட தியாகராயரின் பெயர் தாங்கிய நகரில், அவ்வேற்பாட்டை 1950களில் மாநிலமெங்கும் விரித்தவர் வாழ்ந்து மறைந்தார். கட்சியால் இருவரும் வேறானவர். பிள்ளை பசியோடு படிக்கலாகாது என்ற எண்ணத்தில் ஒருவரே. மாணவர்களாகிய நீங்கள் அவ்வழியே செல்லும்போது இதனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை இருப்புப்பாதைக்குக் கிழக்கே உள்ள பகுதியை மட்டும் கண்டோம். பாதையைக் கடந்து மேற்கே சென்றால் மேற்கு மாம்பலம். பெயரால் ஒன்று, பிறப்பால் வேறு. கிழக்கே வரைபடத்தின்படி அமைந்த அகன்ற சாலைகள். மேற்கே பழைய சிற்றூரைச் சுற்றித் தானாக நெருங்கிய குறுகிய தெருக்கள். கோதண்டராமர் கோயிலும் காசி விசுவநாதர் கோயிலும் அங்கே பழைய ஊரின் அடையாளமாக நிற்கின்றன. கிழக்கே அமைச்சர்களும் வழக்குரைஞர்களும் மனை வாங்கினார்கள். மேற்கே எழுத்தர்களும் ஆசிரியர்களும் சிறுதொழிலாளரும் வாடகைக்குக் குடிவந்தார்கள். கழிவுநீர் வசதி நெடுங்காலம் அங்கே குறைவாக இருந்தது. தேங்கிய கழிவுநீரில் பெருகும் கொசுவே யானைக்கால் நோயைப் பரப்புவது. ஆதலின் 'மாம்பலத்துக் கொசு' என்பது சென்னை முழுவதும் வேடிக்கைப் பேச்சாயிற்று. நோயுற்றவருக்கு அது வேடிக்கையாக இருந்திராது.

எனினும் மேற்கு மாம்பலத்தார் கைகட்டிக் காத்திருக்கவில்லை. 1950களில் அங்கிருந்த பொதுநலத் தொண்டர்கள் தாமே முயன்று ஒரு மருத்துவ நிலையத்தைத் தோற்றுவித்தார்கள். எளியவரும் குறைந்த செலவில் மருத்துவம் பெறும் இடமாக அது வளர்ந்தது. கிழக்கே அரசு ஊரை அமைத்துக் கொடுத்தது. மேற்கே மக்கள் தம் குறையைத் தாமே தீர்க்கப் புகுந்து ஊரானார்கள். ஓர் ஊரின் பண்பு அதன் சாலையின் அகலத்தில் இல்லை. அண்டை வீட்டார் துன்பத்தை நம் துன்பமாகக் கொள்வதில் உள்ளது. இப்பாடத்தை எனக்குக் கற்பித்தவர்கள் மேற்கு மாம்பலத்துப் பெற்றோர்களே. 2015 வெள்ளத்தின்போது மாடிவீட்டார் தம் கூடத்தைக் கீழ்வீட்டாருக்குத் திறந்துவிட்டதையும், ஒரே அடுப்பில் நான்கு குடும்பங்களுக்குச் சமைத்ததையும் மாணவர்கள் கட்டுரையாக எழுதிக் கொடுத்தார்கள். ஆண்டு பல முன்னும் பின்னும் நான் திருத்திய கட்டுரைகளில் அவற்றைப்போல் பிழை மலிந்தவையும் இல்லை; உண்மை மலிந்தவையும் இல்லை.

காலப்போக்கில் தியாகராய நகரின் தன்மை மாறிற்று. குடியிருப்பதற்காக வகுத்த மனைகளில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் எழுந்தன. இரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் ரங்கநாதன் தெரு, இரண்டு ஆள் உயரத் தொலைவுக்கு அப்பால் எதுவும் தெரியாதபடி மக்கள் நெருங்கும் அங்காடியாயிற்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அங்கே வருகிறார்கள். தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் ஆயின. நெரிசலைக் குறைக்க 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை அமைக்கப்பெற்றது. 2023இல் மாம்பலம் இரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாலம் திறக்கப்பெற்றது. இம்மாறுதலை முழுதும் தீமை என்று நான் கூறவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அவ்வணிகத்தால் வாழ்கின்றன. ஆனால், வாழ வந்தவரைவிட வாங்க வந்தவர் மிகும்போது, ஓர் ஊரைத் தன்னுடையது என்று சொல்பவர் குறைந்துவிடுகிறார்கள். கால்வாயில் குப்பை விழுந்தால், "யார் வீட்டுக் கால்வாய்?" என்று கேட்க ஆள் இல்லாமற் போகிறது.

இப்பொழுது அம்மாணவனின் கேள்விக்குத் திரும்புவோம். ஏரியை மூடினார்கள், ஆனால், நிலத்தின் சரிவை மூட முடியுமா? மேற்கேயிருந்து வரும் மழைநீருக்கு ஏரி மூடிய செய்தியை யாரும் அறிவிக்கவில்லை. அது பழைய வழியே வருகிறது. பழைய பள்ளத்தையே நாடுகிறது. அதனை வடிப்பதற்கு மாம்பலம் கால்வாய் உண்டு. நுங்கம்பாக்கத்துப் பக்கமிருந்து தியாகராய நகரின் ஊடே சென்று நந்தனத்தைக் கடந்து அடையாற்றில் அது கலக்கிறது. பெரும் ஏரி ஒன்று தாங்கிய நீரை ஒரு சிறு கால்வாய் தாங்க வேண்டும் என்றால், அக்கால்வாய் தடையின்றி இருத்தல் வேண்டும். 2021 நவம்பரில் பெய்த மழையில் தியாகராய நகரின் தெருக்களில் பல நாள் நீர் நின்றது. கால்வாயில் அடைப்பு இருந்ததே அதற்கு முதற்காரணமாகக் கூறப்பட்டது.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். மழைக்காலத்தில் நீரால் வருந்தும் அதே நகரம் கோடையில் நீருக்கு வருந்தியது. தியாகராய நகரில் பல்லாண்டுகள் வாழ்ந்த எழுத்தாளர் அசோகமித்திரன், சென்னையின் நீர்த் தட்டுப்பாட்டையே பொருளாகக் கொண்டு 'தண்ணீர்' என்னும் நாவலை எழுதினார். அது 1970களில் வெளிவந்தது. வெள்ளமும் வறட்சியும் வெவ்வேறு துன்பங்கள் அல்ல. மிகுந்த நாளில் வாங்கிவைத்து, குறைந்த நாளில் கொடுப்பது ஏரியின் தொழில். வாங்கிவைப்பவன் இல்லாத வீட்டில் ஒருநாள் விருந்தும் மறுநாள் பட்டினியுமாகத்தானே இருக்கும்?

இது ஒரு நகரின் கதை மட்டும் அன்று. நுங்கம்பாக்கத்தில் 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிநிலத்தில் நிற்பதுதான். பெங்களூரில் நடுப் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியின்மேலும், கண்டீரவ விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின்மேலும் அமைந்தன. உங்கள் ஊரிலும் இத்தகைய இடம் ஒன்று இருக்கக்கூடும்.

அதனைக் கண்டறிய மூன்று பயிற்சிகள் கூறுகிறேன். முதலாவது, உங்கள் பகுதியின் தெருப் பெயர்களைத் தொகுத்து எழுதுங்கள். நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' என்றும் 'டேங்க் பண்டு ரோடு' என்றும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஏரி, தாங்கல், மதகு, கரை, வாய்க்கால் என்னும் சொற்கள் பெயரில் வந்தால் அங்கே நின்று சுற்றிலும் பாருங்கள். இரண்டாவது, மழை பெய்யும் நாளில் உங்கள் தெருவில் நீர் எத்திசையிலிருந்து வருகிறது, எத்திசையில் போகிறது, எங்கே நிற்கிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மூன்றாவது, உங்கள் தெருவில் வாழும் மூத்தவர் ஒருவரிடம் சென்று, "தாத்தா, நீங்கள் சிறு பிள்ளையாக இருந்தபோது இங்கே என்ன இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அம்மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், உங்கள் ஊரின் உண்மை வரைபடம் கிடைத்துவிடும்.

என் மாணவன் அதைத்தான் செய்தான். ஒரு வாரம் கழித்து, நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்தான். தெருக்கள் கறுப்பு மையில் இருந்தன. வெள்ளம் நின்ற இடங்களை நீல மையால் தீட்டியிருந்தான். அடுத்த வீட்டுப் பாட்டியார் சொன்னபடி பழைய பள்ளங்களைப் புள்ளியிட்டுக் காட்டியிருந்தான். நீலமும் புள்ளியும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தியிருந்தன.

"ஏரி எங்கே என்று கேட்டாயே, இப்போது தெரிந்ததா?" என்றேன்.

"அது எங்கேயும் போகவில்லை, ஐயா" என்றான்.

நான் எழுதிக் காட்டவிருந்த விடையை அவனே கூறிவிட்டான். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வீடு இல்லாத மக்களுக்காக நம் முன்னோர் ஓர் ஏரியைக் கொடுத்து ஒரு நகரை வாங்கினார்கள். அந்நகரில் நன்றாகவே வாழ்ந்தோம். கொடுத்த பொருளை மீட்க இனி இயலாது. ஆனால், அது இருந்த இடத்தை அறிந்து, அதன் நீர் போகும் வழியை அடைக்காமல் காத்து, அண்டை அயலாரோடு கலந்து வாழ்வது நம்மால் இயலும். தாம் நிற்கும் மண்ணை அறிந்தவர்களே அதனைக் காக்க முடியும். அந்த அறிவை உங்கள் தெருப் பெயர்ப்பலகையிலிருந்தே இன்று மாலை தொடங்குங்கள்.